தேக்கில் அறுத்த பத்துத் துண்டுகள்

அன்புள்ள ஈஸ்வரி,

இதைக் கிழித்துப் போட்டுவிடாதே. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்கு அப்படித்தான் கை போகும். தம்பி விஷயமாக இனிமேல் போன் பண்ணாதீங்க என்று நீ சொல்லி எட்டு மாதம் ஆகிறது. நானும் பண்ணவில்லை. கடிதம் எழுதாதே என்று நீ சொல்லவில்லை அல்லவா, அந்தச் சந்து வழியாக நுழைகிறேன். நீ உன் அம்மா மாதிரி, நாலு வரி படித்ததும் கடைசிப் பக்கத்துக்குத் தாவுகிறவள். இந்த ஒரு தடவை தாவாமல் வரிசையாகப் படி. மாப்பிள்ளை படிக்கட்டும், அவர் அம்மா படிக்கட்டும், கோயம்புத்தூரில் உன் தெருவே வேண்டுமானாலும் படிக்கட்டும். எனக்கு இனி மறைக்க ஒன்றும் கிடையாது, மறைத்துக் காப்பாற்றியதும் ஒன்றும் கிடையாது.

எனக்கு என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தென்காசி ஆஸ்பத்திரியில் உன் தம்பி லிங்கத்தின் அறிவுத்திறனை மறுபடியும் அளக்கப் போகிறார்கள். நீ அங்கே வர வேண்டும். சின்ன வயதில் அவன் எப்படி இருந்தான், எதை எப்போது செய்யக் கற்றான் என்று டாக்டரம்மா கேட்பார். உள்ளதை உள்ளபடி நீ சொல்ல வேண்டும். ஏன், உங்களுக்கு வாய் இல்லையா என்று கேட்பாய். வாய் இருக்கிறது. என் வாயை இனி யாரும் நம்பக் கூடாது, நான் உட்பட. அது ஏன் என்று எழுதத்தான் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு ஒரு விளையாட்டு ஞாபகம் இருக்கும். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஆறு முடிந்திருந்தது. ஒரு பலகை, அதில் பத்துக் குழிகள், அந்தக் குழிகளில் சரியாகப் பொருந்தும் பத்து மரத்துண்டுகள். வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், கூட்டல் குறி, அரைவட்டம், முட்டை வடிவம் என்று. துண்டுகளைக் கலைத்து மூன்று அடுக்காக வைப்பேன். நீ துபாயிலிருந்து மாமா கொண்டு வந்த டிஜிட்டல் வாட்சை அமுக்கி, 'ஏலே, ஓடு!' என்று கத்துவாய். அவன் இரண்டு கையாலும் எடுத்து எடுத்துப் போடுவான். நட்சத்திரத்தைப் போட மட்டும் அவனுக்கு வராது, குழியில் வைத்து அமுக்கிக்கொண்டே அழுவான். நீ அவன் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவாய். 'எப்பா, இன்னைக்கு முப்பத்தோரு செகண்டு!' என்று வாசலுக்கு ஓடி வந்து சொல்வாய். விளையாட்டு என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது விளையாட்டு இல்லை, தாயே. பரீட்சைக் கேள்வித்தாளை நான் முன்கூட்டியே வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். உன்னையும் அதில் கூட்டுச் சேர்த்திருந்தேன்.

நான் அப்போது செங்கோட்டையில் மரம் அறுக்கும் மில்லில் இருந்தேன், உனக்குத் தெரியும். லிங்கம் ஒன்றாம் வகுப்பை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தான். அவன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, 'அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. படிப்பு வராத பிள்ளைகளச் சோதிக்கிற நிலையத்துல இவன ஒருக்கா காட்டிருங்க. இவனுக்குத் தனியாச் சொல்லிக்குடுக்க ஆளு வேணும்' என்றார். நம் ஆட்களில் பாதிப் பேர் போலீஸ், பாதிப் பேர் மிலிட்டரி. கீழப்பாவூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் மீசை முறுக்கு பத்து எண்ணலாம். அந்தக் கூட்டத்தில் என் மகனுக்கு மூளை போதாது என்று ஒரு தாள் வருவதா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தாய். தம்பி இப்படி என்று தெரிந்தால் உன்னைக் கட்ட எவன் வருவான் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடினேன், மடையன்.

அந்தச் சமயம் பார்த்து, அதே நிலையத்திலிருந்து ஒரு ஆள் மில்லுக்கு வந்தார். கையில் அந்தப் பலகை. இரண்டு துண்டு தொலைந்துவிட்டது, அதே அளவில் அறுத்துத் தர முடியுமா என்றார். அங்கே பிள்ளைகளைச் சோதிப்பதற்கான பலகை என்றும், எத்தனை நொடியில் அடுக்குகிறது என்பதை வைத்துப் பிள்ளையின் மன வயதைச் சொல்லிவிடுவார்கள் என்றும் அவரே விளக்கினார். எனக்குச் சாமியே வந்து கையில் கொடுத்த மாதிரி இருந்தது. நாளைக்கு நானே கொண்டு வந்து தருகிறேன் என்று அனுப்பிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பத்துக் குழியின் அளவையும் காகிதத்தில் வரைந்தெடுத்தேன். அவருக்கு இரண்டு துண்டு, எனக்குப் பத்துத் துண்டு, பலகையோடு. அவர் கொண்டு வந்தது ஏதோ லேசான மரம். நான் தேக்கில் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விளிம்பெல்லாம் வழவழவென்று ஆக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அக்கறையாக வேறு எதையும் செய்ததில்லை.

அது போதாதென்று, துண்டுகளைக் கொடுக்கப் போன அன்று நிலையத்தின் ஜன்னல் ஓரம் அரை மணி நேரம் நின்றேன். உள்ளே வேறொரு பிள்ளையிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாம்பழத்துக்கும் ஆரஞ்சுக்கும் என்ன ஒற்றுமை? கையை அறுத்துக்கொண்டால் என்ன செய்வாய்? வழியில் ஒரு பை கிடந்தால் என்ன செய்வாய்? பீடிக்கட்டு அட்டையில் எழுதிக்கொண்டு வந்தேன். மூன்று வாரம் இரண்டு வேளையும் பாடம். ஒற்றுமை என்ன என்றால் 'ரெண்டும் பழம்'. கையை அறுத்துக்கொண்டால் 'மருந்து போடுவேன்'. லிங்கத்துக்கு ஒன்று உண்டு, பழகினதை விடவே மாட்டான். கிளி மாதிரிச் சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பரீட்சை அன்று நான், உன் அம்மா, அவன் மூன்று பேரும் போனோம். பலகையைப் பார்த்ததும் அவன் சிரித்தான். இருபத்தாறு நொடி. சோதித்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வீட்டில் அவன் எப்படி என்று கேட்டார். பொத்தான் தானாகப் போடுவானா, கடைக்குத் தனியாகப் போய்ச் சொன்ன சாமானை வாங்கி வருவானா, மற்ற பிள்ளைகளோடு முறை வைத்து விளையாடுவானா. உன் அம்மா, 'இல்லம்மா, பொத்தான்லாம் நாந்தான் போட்டு வி...' என்று ஆரம்பித்தாள். மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். செருப்புக் காலோடு, என் பலம் முழுவதும் வைத்து. அவள் வாயை மூடிக்கொண்டாள். மிச்சக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். அம்மாவின் கட்டைவிரல் நகம் கறுத்து, ஒரு மாதம் கழித்து விழுந்ததே, குடம் விழுந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னாளே, அது குடம் இல்லை ஈஸ்வரி. சாகிற வரைக்கும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு சத்தம் போட்டு என் மனதை ஆற்றியிருப்பேன். அதற்கும் அவள் வழி விடவில்லை.

அறிவுத்திறன் தொண்ணூற்று நான்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். சராசரிக்குள் வருகிறது, தனி உதவி தேவையில்லை. அந்தத் தாளை லேமினேட் போட்டு முன்னறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்றும் அது அங்கேதான் தொங்கியது. உன் மாமியார் அதைப் படித்துவிட்டு, தம்பி கெட்டிக்காரனோ என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதை அவர் படித்தால் என் சார்பில் மன்னிப்புக் கேள். உன் மேல் அவர் கோபப்பட்டால் அது நியாயமில்லை, நீ அப்போது உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாய்.

அந்தத் தாளினால் என்ன வந்தது என்று கேள். தனியாகச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று டீச்சர் சொன்னாரே, அந்த ஆள் வரவில்லை. மூளை நன்றாக இருக்கிறது என்று தாளே சொல்கிறது, அப்புறமும் படிக்கவில்லை என்றால் அது கொழுப்பு. அப்படித்தான் நான் சொன்னேன், வாத்தியார்களும் சொன்னார்கள், பிறகு நீயும் சொன்னாய். 'கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்' என்று நானே பள்ளிக்கூட வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் உரித்தார்கள். அவன் ஒன்பது வயதில் அரிவாள்மனையில் கையை அறுத்துக்கொண்டானே. நான் வீட்டுக்குள் வருகிறேன், முழங்கை வரை ரத்தம். அழக்கூட இல்லை. அறுபட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, 'மருந்து போடுவேன், மருந்து போடுவேன்' என்று சொல்லிக்கொண்டே நின்றான். மருந்து அலமாரியில் இருந்தது. யாரையும் கூப்பிடவில்லை. பதிலைச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நான்தானே பழக்கியிருந்தேன். அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அந்தத் தாளை நான் சுவரிலிருந்து இறக்கவில்லை.

இரண்டு வருடம் முந்தின சாரல் காலத்தில் குற்றாலத்தில் நடந்ததை உன்னிடம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னேன். அதையும் திருத்திச் சொல்கிறேன். பேரருவியில் குளிக்கப் போனபோது துணிமணியை அவன் கையில் கொடுத்து, 'இங்கனயே நில்லு. நான் வாரவரைக்கும் அசையக் கூடாது' என்றேன். கொஞ்ச நேரத்தில் மலையில் மழை வலுத்து, தண்ணீர் நிறம் மாறி, போலீஸ்காரர்கள் விசில் அடித்துக் கூட்டத்தை விரட்டினார்கள். நான் மறுபக்கம் தள்ளப்பட்டுவிட்டேன். அத்தனை கூட்டமும் ஓடுகிறது, இவன் ஒருவன் மட்டும் முழங்கால் தண்ணீரில் என் வேட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். ஒரு போலீஸ்காரர் பாய்ந்து போய் இழுத்து வந்தார். 'ஏன்லே, காது கேக்கலயா?' 'எப்பா நிக்கச் சொன்னாவ' என்றான். நான் போய் அத்தனை பேர் முன்னாலும் அவனை அறைந்தேன். உன்னிடம், பிடிவாதக்காரப் பயல், செத்தாலும் அசைய மாட்டான் என்று சொன்னேன். நீயும் சிரித்தாய்.

அதனால்தான் கோயம்புத்தூரில் நடந்ததற்கு உன்னை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை அவர் கம்பெனியில் வேலை வாங்கித் தந்தார். நீலச் சீட்டு ஒட்டின பெட்டியை மட்டும் வண்டியில் ஏற்று என்றார்கள். ஒன்றரை மாதம் ஒழுங்காக ஏற்றினான். ஒரு நாள் நீலச் சீட்டு தீர்ந்து பச்சையை ஒட்டிவிட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லாரி காலியாக நின்றது, மாப்பிள்ளைக்குத் தலைகுனிவு. நீ போனில், 'அவனுக்கு மூளையெல்லாம் நல்லாத்தாம்ப்பா இருக்கு. டாக்டரே எழுதிக் குடுத்துருக்காவள்லா. ஒடம்பு வணங்க மாட்டேங்கு, அவ்வளவுதான்' என்று அழுதாய். நான் அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். 'ஆமாட்டி, அவன் அப்படித்தான்' என்றேன். நீ தம்பியை வெறுத்தது என் பொய்யை நம்பித்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஆறு மாதமாக எனக்கு மறதி. சாவி, கண்ணாடி என்று ஆரம்பித்து, ஒரு நாள் வாய்க்கால்பாலம் தாண்டி நின்றுகொண்டு வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழித்தேன். லிங்கம்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், அல்லது நான் அவனை. எங்களில் யார் யாரைக் கூட்டிப்போகிறோம் என்பது இப்போதெல்லாம் தெளிவாக இல்லை. அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா, உளவியல் படித்தவர். என்னை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அற்புதமாக வந்தது, கை பழகின கை. எண்களை எழுதினால் பன்னிரண்டும் ஒரே பக்கத்தில் வந்து குவிந்துவிட்டன. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்றுக்கு மேல் நகரவில்லை. மறதி நோயின் ஆரம்பம் என்று எழுதிவிட்டார்.

உன் அப்பனுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறாயா? அடுத்த தடவை போவதற்குள் அந்தக் கணக்கை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. லிங்கம் தாளைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பாடம் கேட்டான். டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்ததும் எழுபத்தொன்பதில் நின்றுவிட்டேன். பக்கத்து நாற்காலியிலிருந்து அவன், 'எப்பா, எழுவத்திரெண்டு!' என்றான். டாக்டரம்மா சிரித்துவிட்டார். 'தம்பி கணக்குல புலி போல இருக்கே' என்றார். எனக்கு அப்போதும் பெருமையாக இருந்தது, வெட்கம் கெட்ட பெருமை. அவர் விளையாட்டாக அவனிடம், 'சரி, இருபதுல ஏழு போனா எவ்வளவு?' என்று கேட்டார். அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். 'எப்பா, இது நம்ம கணக்குல இல்லியே' என்றான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று என்னை விட்டுவிட்டு அவனோடு ஒரு மணி நேரம் பேசினார். பிறகு என்னிடம் பொறுமையாகச் சொன்னார். அறிவு என்றால் என்ன என்பதிலேயே படித்தவர்களுக்குள் சண்டை தீரவில்லையாம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு திறமைதான் ஓடுகிறது என்று ஒரு கட்சி, பேச்சுக்கு ஒன்று, கைவேலைக்கு ஒன்று, மனுசரோடு பழக ஒன்று என்று பல உண்டு என்று இன்னொரு கட்சி. ஆனால், கற்று வைத்திருப்பது ஒன்று, கற்காதது எதிரே வந்தால் சமாளிப்பது வேறொன்று என்பதைப் பலரும் ஒத்துக்கொள்கிறார்கள் என்றார். நீலச் சீட்டு முதலாவது, பச்சைச் சீட்டு இரண்டாவது என்று எனக்கு உடனே விளங்கியது. முதன்முதலில் பிரான்ஸ் தேசத்தில் இந்த மாதிரி அளவுகோலைச் செய்தவர், எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் செய்தாராம், யாரையும் மட்டம் தட்ட இல்லையாம். அதைக் கேட்டதும், உதவி கொடுக்க வந்த ஆளிடமிருந்து என் பிள்ளையை ஒளித்து வைத்தேனே என்று இருந்தது.

பழைய தாளைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டு போனேன். அவர் வெகுநேரம் படித்துவிட்டு, 'பலகையில இவ்வளவு வேகம். ஒரு சாதாரணப் படத்தப் பாத்து வரையச் சொன்னதுக்கு ஒண்ணுமே வரல. ஐயா, இவருக்கு இதையெல்லாம் யாராவது முன்னாடியே பழக்கி விட்டாங்களா?' என்று கேட்டார். இல்லை என்றேன். ஈஸ்வரி, இதைக் கவனமாகப் படி. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு அப்போது இல்லை. அந்தப் பலகை, மில், ஜன்னல், எதுவும் என் தலைக்குள் இல்லை. என் மகன் சொந்த மூளையால் வாங்கின மார்க் அது என்று மனதார நம்பிச் சொன்னேன். வீட்டுக்கு வந்து மேல்தட்டில் எதையோ தேடும்போது பழைய துணிக்குள்ளிருந்து தேக்கு நட்சத்திரம் கீழே விழுந்தது. அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்தது. நான் செய்ததை நானே தொலைத்துக்கொண்டிருக்கிறேன். உண்மை தெரிந்த மூன்று பேரில் உன் அம்மா போய்விட்டாள், அவனுக்கு அது இன்றுவரை விளையாட்டு, மூன்றாவது ஆள் நான்.

மறுநாளே சொல்லிவிடலாம் என்று ஓடினேன். அந்த அம்மா வியாழக்கிழமை மட்டும்தான் வருவாராம். போன வியாழக்கிழமை எனக்கு வியாழக்கிழமை என்பதே மறந்துவிட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடுத்த வியாழனன்று லிங்கத்துக்குச் சோதனை, அவரோடு வளர்ந்தவர் யாராவது கட்டாயம் வர வேண்டும், உங்கள் ஞாபகத்தை மட்டும் வைத்து எழுத முடியாது என்றார்கள். நான் அந்தப் போனிலும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்காதே. வாயெடுத்தேன், வரவில்லை.

வீட்டில் நாங்கள் இருக்கிற லட்சணத்தைக் கேள். என் மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துத் தருகிறவன் அவன். காலைக்கு வெள்ளை, இரவுக்கு மஞ்சள், ஒரு நாள் பிசகியதில்லை. போன மாதம் மருந்துக்கடையில் அதே மாத்திரையை வேறு கம்பெனியில் தந்தார்கள், சிவப்பு. ஐந்து நாள் எனக்கு மாத்திரை இல்லை. கேட்டால், 'அது நம்ம மாத்திர இல்லப்பா' என்கிறான். நான்தான் கேட்க மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. மறக்கிறவனும், புதிதாக ஒன்று வந்தால் திகைத்து நிற்கிறவனும் ஒரு வீட்டில் இருக்கிறோம். நான் அவனை முழுக்க மறந்த பிறகு, எவனாவது ஒருவன் வந்து இங்கே நில் என்பான், இங்கே கையெழுத்துப் போடு என்பான். இவன் நிற்பான், போடுவான். வெளியே பார்க்கிறவர்களுக்கு இருபத்தெட்டு வயசு வாட்டசாட்டமான ஆள், தாளில் தொண்ணூற்று நான்கு. யார் இரக்கப்படுவார்கள்? ஈஸ்வரி, எனக்குப் பயமாக இருக்கிறது.

சரியான தாள் ஒன்று கிடைத்தால், அவனுக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலர் வைக்கலாம், பகலில் போய் வேலை பழகவும் ஒரு இடம் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். பாதுகாவலராக நீதான் இருக்க வேண்டும் என்று நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். உனக்குக் குடும்பம் இருக்கிறது. அதை நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள். உண்மையைச் சொல்ல வருவதற்கு மட்டும் மறுக்காதே. எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. பெற்ற மகளிடம் கூப்பலாமா என்று தெரியவில்லை, கூப்பிவிட்டேன்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சோதனை என்று காதில் விழுந்ததும் லிங்கம் மேல்தட்டிலிருந்து பலகையை இறக்கிவிட்டான். காலையிலிருந்து முன்னறையில் டக்டக்கென்று சத்தம். அந்தச் சின்னத் துண்டுகள் அவன் பெரிய கைக்குள் மறைந்துபோகின்றன. நட்சத்திரத்தைப் பார்க்காமலே போடுகிறான். நீ திருப்பிக் காட்டின அதே பக்கமாகத் திருப்பி. 'எப்பா, இந்தத் தடவையும் பாஸாயிருவேன், பாத்துக்கிடுங்க' என்கிறான். 'எக்கா வருவாளா? வாட்சு அவட்டதான இருக்கு?' என்று கேட்கிறான். நீ அவனை ஏசினது, கோயம்புத்தூரிலிருந்து ரயில் ஏற்றி அனுப்பினது எதுவும் அவனிடம் இல்லை. அக்கா என்றால் அவனுக்கு அந்த வாட்சும், ஓடு என்ற சத்தமும்தான். அவன் தோற்க வேண்டும் என்று நான் சாமி கும்பிடுகிறேன் என்பதை அவனிடம் எந்த வாயால் சொல்வேன்? யாரும் சொல்லாவிட்டால் அந்தப் பலகையைத்தான் மறுபடி அவன் முன்னால் வைப்பார்கள். அவன் பதினாலு நொடியில் முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். நானும் சிரித்துவிடுவேன் என்பதுதான் என் பயமே.

அதனால் வியாழக்கிழமை நடக்கப்போவதை இப்போதே சொல்லி வைக்கிறேன். நீ கேள்விகளுக்கு உண்மையைச் சொல்ல ஆரம்பித்ததும் நான் குறுக்கே விழலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை, என் பையன் சொந்தமாகப் போட்டு வாங்கின மார்க், இவளுக்குத் தம்பியைக் கண்டாலே ஆகாது என்று சண்டைக்கு வரலாம். நல்ல அழுத்தமாகத்தான் சொல்வேன், என் குரல் உனக்குத் தெரியும். மேசைக்கு அடியில் உன் காலையும் மிதிப்பேனோ என்னவோ, கொஞ்சம் தள்ளி உட்கார். நான் என்ன சொன்னாலும் நம்பாதே. இந்தக் கடிதத்தை எடுத்து டாக்டரம்மாவிடம் கொடு. இதை எழுதுகிற இந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெளிவாக ஞாபகம் இருக்கிறது, இது உன் அப்பனே எழுதியது.

வா ஈஸ்வரி. அந்த வாட்ச் இன்னும் உன்னிடம் இருந்தால், அதை மட்டும் கொண்டு வராதே.

அப்பா